டோக்கனை யாரிடம் நீட்டக் கூடாது?

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி விட்டிருக்கிறீர்களா? காலை நெரிசலில் ஸ்டாண்ட்காரர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எண் போட்ட சீட்டில் ஒரு பாதியை வண்டியில் செருகிவிட்டு மறுபாதியை நம் கையில் தருவார். மாலையில் அதைக் காட்டினால் வண்டி வெளியே வரும்.

இணையதளத்தின் சர்வரும் முகம் பார்ப்பதில்லை. எச்டிடிபி முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி இதற்குக் கண்டுபிடித்த டோக்கன்தான் குக்கீ. சர்வர் தரும் சீட்டை பிரவுசர் பத்திரப்படுத்தி, அடுத்தடுத்த கோரிக்கைகளோடு திருப்பிக் காட்டுகிறது.

பிரவுசர் இல்லாமலே கோப்புகளை இறக்கித் தரும் நிரல்களில் புகழ்பெற்றது டபிள்யூகெட். 1996-இல் வெளிவந்த இதற்கு, 2001-இல் வந்த 1.7 பதிப்பில்தான் குக்கீ வசதி கிடைத்தது. அந்த வசதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? உறுப்பினருக்கு மட்டுமான நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கேட்போம். பிடிஎஃப் என்ற பெயரில் ஒரு கோப்பும் வரும். திறந்தால் புத்தகம் இருக்காது, கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட நிரல் குக்கீயை ஒரு கோப்பில் சேமிப்பது எளிது. ஒரு வரிக்கு ஒரு குக்கீ, வரிக்கு ஏழு கட்டங்கள்: தளம், துணைத்தளங்களுக்குச் செல்லுமா, பாதை, பாதுகாப்பான இணைப்பு தேவையா, காலாவதி, பெயர், மதிப்பு. காலாவதி 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக இருக்கும்.

கடினமானது, யாரிடம் காட்டக் கூடாது என்று நிரலுக்குக் கற்றுக்கொடுப்பது. 'சேலையூர்.இன்' என்றொரு தளம் தன் துணைத்தளங்களுக்கும் சேர்த்து குக்கீ தருவதாக வைத்துக்கொள்வோம். 'நூலகம்.சேலையூர்.இன்' அதைப் பெறலாம். 'புதுசேலையூர்.இன்' பெறக் கூடாது. கடைசி எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் நிரல் இங்கே ஏமாந்துவிடும். முன்னால் புள்ளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொரு தளம் 'கோ.இன்' முழுவதற்கும் குக்கீ வைக்கப் பார்த்தால், முன்பின் தெரியாத ஆயிரம் கடைகளுக்கு அது போய்ச் சேரும். இதைத் தடுக்கவே இப்படிப்பட்ட பொதுவான பின்னொட்டுகளின் பட்டியலை மொஸில்லா தொடங்கிவைத்தது.

சீட்டை யார் நீட்டினாலும் ஸ்டாண்ட்காரர் வண்டியைக் கொடுத்துவிடுவார். குக்கீ கோப்பு கைமாறினால் உங்கள் கணக்கும் அப்படியே கைமாறும். நிரல் எழுதுபவர், தன்னை நம்பி அடுத்தவர் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.