எழுத்துக்குள் இருக்கும் எண்



ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, ஆறிலோ ஏழிலோ திடீரெனத் தளர்ந்து போவதை நம்மில் பலர் கண்டிருப்போம். "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று அது சொல்லும். "நம் குடும்பத்தில் யாருக்குத்தான் கணக்கு வந்தது?" என்று நாமும் சொல்லி அமைதியடைந்து விடுகிறோம். அந்தச் சொல்லோடு ஒரு கதவு மூடிக்கொள்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய மகன் விசாவுக்குக் காத்திருக்கிறான். மகள் வீட்டோடு இருந்து விடுகிறாள். பல பிள்ளைகளுக்கு இத்தளர்ச்சி தொடங்கும் இடம் ஒன்றுதான்: எண்கள் மட்டுமே இருந்த பாடத்தில் எழுத்துகள் நுழையும் இயற்கணிதம்.

இக்கலைக்கு உலகம் வழங்கும் 'அல்ஜீப்ரா' என்னும் பெயர் அரபு மொழியிலிருந்து பிறந்தது. கலீஃபா மஃமூன் ஆட்சிக் காலத்தில் (813-833) பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ, 820ஆம் ஆண்டையொட்டி 'அல்ஜப்ர் வல்முகாபலா' பற்றிய தம் நூலை இயற்றினார். 'ஜப்ர்' என்றால் முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல் என்று பொருள். வாரிசுரிமை, மரண சாசனம், வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே அவர் நோக்கம். நூலின் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டைப் பற்றியதே.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. அந்நூலில் இன்று நாம் காணும் குறியீடு ஒன்றுகூடக் கிடையாது. தெரியாத அளவை அவர் 'ஷய்', அதாவது 'ஒரு பொருள்' என்றே சொல்லால் குறித்தார். கணக்கு முழுவதும் வாக்கியங்களாகவே நடந்தது. நம் நாட்டில் பிரம்மகுப்தர் (628) போன்றோர் நிறப்பெயர்களால் தெரியாத அளவுகளைக் குறித்ததுண்டு. எனினும் தெரிந்தது, தெரியாதது இரண்டையும் எழுத்துகளால் குறிக்கும் முறையைப் பிரான்ஸ் நாட்டு வியட் முறைப்படுத்தியது 1591இல்தான். சொல்லிலிருந்து எழுத்துக்கு வர அறிஞர் உலகம் ஏழரை நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பதினொரு வயதுப் பிள்ளையையோ அத்தூரத்தை ஒரு காலை வகுப்பில் தாண்டச் சொல்கிறோம்! முதலில் சொல், பின்னர் எழுத்து, அதன் பின்னரே எண். இவ்வரிசையைக் காப்பதே இப்பாடத்தைக் கற்பிக்கும் இரகசியம்.

மாறுவதால் அது மாறி

மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு ஒரு குழப்பம் எளிதில் வரலாம். அப்ஜத் கணக்கில் அலிஃபுக்கு 1, பேவுக்கு 2, ஜீமுக்கு 3 என ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான மதிப்பு உண்டு. பழந்தமிழ் எண்களிலும் 'க' என்றால் ஒன்று, 'உ' என்றால் இரண்டு. இயற்கணிதத்தில் அப்படியன்று. இங்கே எழுத்து ஒரு காலிப் பெட்டி. இன்று அதில் ஓர் எண்ணை வைக்கலாம். நாளை வேறோர் எண்ணை வைக்கலாம். மதிப்பு மாறுவதால்தான் அதற்கு 'மாறி' என்று பெயர். பாடநூலில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நாம் இங்கே தமிழ் எழுத்துகளையே கொள்வோம்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் நாள்தோறும் நடக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு படகிலிருந்து ஐந்து பெட்டி மீன் இறங்குகிறது. கூடையில் தனியாக 3 கிலோ இருக்கிறது. பெட்டி எல்லாம் ஒரே அளவு; ஆனால் ஒரு பெட்டியில் எத்தனை கிலோ என்பது இன்னும் தெரியாது. பிள்ளையை முதலில் வாயால் சொல்லச் செய்யுங்கள்: "ஐந்து பெட்டி மீனும், மூன்று கிலோவும்." பிறகு பெட்டியின் கிலோவை 'ப' என்று குறிக்கச் செய்யுங்கள். 5ப + 3 என்னும் கோவை பிறந்துவிட்டது. பெட்டியை நிறுத்துப் பார்த்து 20 கிலோ என்றால், 5 × 20 + 3 = 103 கிலோ. நாளை பெட்டிக்கு 25 கிலோ என்றால் 128 கிலோ. கோவை அதேதான், மதிப்பு மட்டும் மாறுகிறது.

பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் இரு பிழைகளை இங்கேயே களையலாம். ஒன்று, 5ப என்பதில் 20ஐ வைத்ததும் 520 என்று எழுதுவது. எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே மறைந்திருப்பது பெருக்கல் குறி என்று உணர்த்துங்கள். இரண்டு, 5ப + 3 என்பதை 8ப ஆக்கிவிடுவது. "மூன்று கிலோவை மூன்று பெட்டி என்று சொன்னால் வியாபாரி ஒப்புவாரா?" என்று கேளுங்கள். 8 × 20 = 160 ஆகிவிடும்; உண்மை எடையோ 103. பிள்ளை தானே சிரித்துத் திருத்திக்கொள்ளும்.

அடைப்புக்குறியின் அருமை

அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் முடிக்க வேண்டும். பிறகு பெருக்கல், வகுத்தல். இறுதியில் கூட்டல், கழித்தல். இவ்விதியை மனனம் செய்வது எளிது. ஏன் என்று உணர்வது அரிது. அதை உணர்த்த ஜக்காத் கணக்கைப் போல் நல்ல ஆசான் இல்லை.

நிஸாபை எட்டி, ஓராண்டு நிறைந்த ஒரு வணிகரின் சரக்கு மதிப்பைச் 'ச' என்றும், ரொக்கத்தை 'ர' என்றும் கொள்வோம். நாற்பதில் ஒரு பங்கு ஜக்காத். ஆகவே கோவை (ச + ர) ÷ 40. சரக்கு 12,00,000 ரூபாய், ரொக்கம் 4,00,000 ரூபாய் எனில், 16,00,000 ÷ 40 = 40,000 ரூபாய். அடைப்புக்குறியை விட்டுவிட்டு ச + ர ÷ 40 என்று எழுதினாலோ, ரொக்கம் மட்டுமே வகுபட்டு 10,000 ஆகும். அதனோடு சரக்கு சேர்ந்து விடை 12,10,000 என வரும். "பதினாறு லட்சத்துக்குப் பன்னிரண்டு லட்சம் ஜக்காத்தா?" என்று பிள்ளை திகைக்கட்டும். கிடைத்த விடை நடப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கம் அந்தத் திகைப்பிலிருந்தே பிறக்கிறது.

வாரிசுப் பங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற உரிமையாளர்களின் பங்கு போக எஞ்சிய சொத்து, இரு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் சேர்கிறது. மகளின் பங்கு 'ம' எனில், ஒவ்வொரு மகனுக்கும் 2ம. மொத்தம் ம + 2ம + 2ம = 5ம. மகளுக்கு 60,000 ரூபாய் என்றால் எஞ்சிய சொத்து 3,00,000 ரூபாய். அல்குவாரிஸ்மீ எதற்காக நூல் எழுதினாரோ, அந்தக் கணக்கின் வாயிலில் உங்கள் பிள்ளை நிற்கிறது!

தாய்மார்களே, தயங்காதீர்!

"நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்க வேண்டாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991-92ஆம் ஆண்டுகளில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் மாலை வகுப்புகளில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்று, ஊரின் ஏளனத்தைக் கடந்து வெளியே வந்தனர். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். அன்றாட வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்தே அங்கே எழுத்துப் பாடம் தொடங்கியது. அன்று எழுத்துக் கற்ற தாய்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று இயற்கணிதத்தின் முன் நிற்கிறார்கள். அதே வழி இவர்களுக்கும் உதவும்.

விருந்தாளிக்கு ஆளுக்கு இரண்டு பரோட்டா, வீட்டாருக்கு ஆறு என்று நீங்கள் மனத்தில் போடும் கணக்கு 2வ + 6 அன்றி வேறென்ன? 'வ' பத்தானால் எத்தனை, பதினைந்தானால் எத்தனை என்று பிள்ளையிடம் கேளுங்கள். நாளுக்கு ஒரு கணக்கு போதும். விடை தவறினால் அதட்டாமல், "சொல்லால் சொல்லிப் பார்" என்று திரும்ப அழையுங்கள். ஆசிரியப் பெருமக்களும் கரும்பலகையில் எழுத்தை எழுதுமுன், அதன் கதையைச் சொல்லட்டும்.

கணக்கு வராத பிள்ளை என்று இறைவன் எவரையும் முத்திரையிட்டு அனுப்பவில்லை. அம்முத்திரையைக் குத்துவது நாம்தான். அதை நம் நாவிலிருந்து அகற்றுவோம். கல்வியைப் பெருக்கித் தருமாறு கேட்கும் துஆவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அதற்கான முயற்சியில் அவர்கள் அருகே அமர்வதும் நம் கடமையே. வல்ல அல்லாஹ் நம் மக்களின் அறிவை விரிவாக்குவானாக! ஆமீன்.