காப்பி அடித்தும் முதல் மார்க்!



பரீட்சையில் காப்பி அடித்தால் என்ன கிடைக்கும்? ஹாலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனால் காப்பி அடித்தே உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கிதார்கள் இருக்கு, தெரியுமா?

அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1952-ல் 'லெஸ் பால்' என்ற எலெக்ட்ரிக் கிதாரை வெளியிட்டது. லெஸ் பால் என்பது ஒரு கிதார் கலைஞரின் பெயர். மஹோகனி மரத்தில் உடம்பு, அதன் மேல் மேப்பிள் பலகை. உச்ச ஸ்வரங்களுக்கு விரல் எட்டணும் என்பதற்காகக் கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் வளைவாக ஒரு வெட்டு. 1957-ல் இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் வந்தது. 1958 முதல் 1960 வரை செய்த கிதார்களுக்குத்தான் இன்று மவுசு அதிகம். 1961-ல் வடிவத்தையே மாற்றிட்டாங்க. 1968-ல் பழைய வடிவம் திரும்பி வந்தது. ஆனாலும் 1970களில் உடம்பைச் சாண்ட்விச் மாதிரி அடுக்கு அடுக்காக ஒட்டினாங்க.

இந்த நேரத்தில்தான் ஜப்பான்காரர்கள் பழைய கிதாரை இஞ்ச் இஞ்சாகப் படிச்சாங்க. கிரெக்கோ, டோக்காய், பர்னி என்ற பெயர்களில் கிதார்கள் வந்தன. கிரெக்கோவைச் செய்தது மட்சுமோட்டோ ஊரின் ஃபுஜிகென் தொழிற்சாலை. டோக்காய் ஹமாமட்சு ஊர்க் கம்பெனி. 1988 முதல் 1998 வரை கிப்சனின் அனுமதியோடு 'ஆர்வில்' என்ற பெயரிலும் ஜப்பானில் செய்தார்கள்.

டோக்கியோவில் ஓச்சனோமிஸு என்ற பகுதியில் கிதார் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே பழைய கிதார் வாங்கப் போகிறவர் என்னென்ன பார்க்கணும்?

1. நம்பர்: அந்தக் கால மாடல் நம்பரிலேயே விலை ஒளிந்திருக்கும். டோக்காய் எல்.எஸ்-80 என்றால் புதிதாக விற்றபோது 80 ஆயிரம் யென். கிரெக்கோ ஈ.ஜி-500 என்றால் 50 ஆயிரம் யென். நம்பர் கூடக்கூட மரமும் பிக்கப்பும் உசத்தி.

2. கழுத்து: உடம்போடு ஒட்டியிருக்கா, திருகாணி போட்டிருக்கா என்று பின்பக்கம் பாருங்க. ஒரிஜினலில் ஒட்டியிருக்கும். 1970களின் மலிவு காப்பிகள் பலவற்றில் திருகாணிதான்.

3. தலை: இதுதான் ரொம்ப முக்கியம்! தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகுவதற்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்திருப்பாங்க. அதனால் கிதார் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஒட்டின கோடு தெரியும். நல்லா ஒட்டியிருந்தால் வாசிக்கலாம், ஆனால் விலை நிறையக் குறையணும்.

4. மெட்டு: வீணையில் இருப்பது போலக் கிதாரிலும் மெட்டு உண்டு. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடிச்சால் நடுவில் தந்திக்குக் கீழே மயிரிழை இடைவெளி இருக்கணும். ரொம்ப இருந்தால் கழுத்து வளைஞ்சிருக்கு என்று அர்த்தம்.

5. பேச்சு: 'இது கேஸ் போட்ட கிதார் சார்' என்று சொல்லி விலையை ஏத்துவாங்க. 1977-ல் கிப்சனின் தாய்க் கம்பெனி வழக்குப் போட்டது உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவில் இபனேஸ் கிதார்களை விற்ற கம்பெனி மேல், தலையின் வடிவத்துக்காக. அதுவும் கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாகிவிட்டது. டோக்காய்க்கும் பர்னிக்கும் அந்த வழக்கில் சம்பந்தமே இல்லை.

உங்களுக்குத் தெரியுமா? பர்னி கிதார்களை விற்ற ஃபெர்னாண்டஸ் கம்பெனி 2024-ல் திவாலானது.

சரி, எதைத்தான் வாங்குவது? தலை உடைஞ்ச 120-ஐ விட, கழுத்து நேராக இருக்கும் 80 எவ்வளவோ மேல். பேரைப் பார்க்காதீங்க, கையில் இருக்கும் கிதாரைப் பாருங்க. தலையில் டோக்காய் பேரைச் சுரண்டிட்டு கிப்சன் பேரை ஒட்டியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம். முன்னது காப்பி, பின்னது மோசடி!

பார்த்து எழுதினவன் மாட்டிக்குவான். புரிஞ்சு எழுதினவன் பாஸ் ஆவான். ஜப்பான்காரர்கள் புரிஞ்சு எழுதினவங்க!



– ஓர் இசைப் பிரியன், 11-ஆம் வகுப்பு