அதிர்ச்சி என்னும் சொல்

சொற்பொருள் கற்பித்தலிலே முப்பதாண்டுகளைக் கழித்த எனக்கு, ஒரு சொல்லின் பொருள் வைத்தியசாலை வாயிலிலேதான் விளங்கிற்று.

என் தமக்கையார் சிறுநீர்த் தொற்றினாற் காய்ச்சலுற்றார். இரண்டாம் நாட் காலை அவர் பேச்சுத் தடுமாறியது. முதுமையின் குணமென்று எண்ணி, யான் ஒரு பகல் தாழ்த்தேன். மாலையிற் கைகால் குளிர்ந்துவிட்டன.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வைத்தியர், "அதிர்ச்சி நிலை" என்றார்.

"கெட்ட செய்தி எதுவும் அக்கா கேட்கவில்லையே, தம்பி!" என்றேன்.

முன்னாளில் என்னிடம் தமிழ் கற்றவர் அவர். "பண்டிதர் ஐயா, இது மனத்தின் அதிர்ச்சியன்று, குருதியோட்டத்தின் வீழ்ச்சி" என்று விளக்கினார்.

தொற்று கடுமையாகுங்கால், அதனை எதிர்க்கும் உடலின் செயலே எல்லை கடந்து குருதிக்குழாய்களைத் தளர்த்திவிடுகின்றது. அகன்றுவிட்ட வாய்க்காலில் நீர்மட்டந் தாழ்வதுபோலக் குருதியமுக்கம் தாழ, மூளையும் சிறுநீரகமும் வாடுகின்றன. நாளத்தின் வழியே உப்புநீர் செலுத்தியும் அமுக்கம் போதாதாயின், குழாய்களைச் சுருக்கும் மருந்து வேண்டப்படும்.

அவற்றுள் முதலிடம் பெறுவது நோரதிரினலின். நம் நரம்புகளே சுரக்கும் பொருள் இது என 1946 இல் நிறுவிய சுவீடன் அறிஞர் ஊல்ப் வொன் ஒய்லர், 1970 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். முன்னர்ப் பலர் டொப்பமீனை விரும்பினர். 1,679 நோயாளரை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வோ, டொப்பமீன் பெற்றோரிடம் இதயத்துடிப்புப் பிறழ்வு ஏறத்தாழ இருமடங்கு எனக் காட்டிற்று. நோரதிரினலின் மட்டும் போதாவிடத்து வாசோப்பிரசின் துணையாகும்.

சராசரி நாடியமுக்கம் 65 மில்லிமீற்றர் இரசம் என்பதே தொடக்கத்திற் கொள்ளும் இலக்கு. மருந்து மிகின் விரல்நுனிகள் குருதியின்றிக் கருகவுங் கூடும். ஆதலின், தாதியர் அளவைக் கூட்டியுங் குறைத்தும் இரவெல்லாம் விழித்திருந்தனர்.

"இம்மருந்து நோயைத் தீர்க்குமோ?" என்றேன்.

"இல்லை ஐயா. சரியுஞ் சுவருக்கு முட்டுக்கொடுப்பது மாத்திரமே இது. கிருமியைக் கொல்வது நுண்ணுயிர்கொல்லி. அதனை ஒரு மணி நேரத்துள் தொடங்கவேண்டும்."

யான் தாழ்த்த பகலை நினைந்து தலைகுனிந்தேன்.

நான்காம் நாள் முட்டு மெல்லமெல்ல எடுக்கப்பட்டது, சுவர் நின்றது. கண்விழித்த தமக்கையார், "தம்பி, சாப்பிட்டியோ?" என்றார்.

அன்பர்களே! காய்ச்சலோடு தடுமாற்றமும், விரைந்த மூச்சும், சிறுநீர்க் குறைவுங் கண்டால், முதுமையென்று எண்ணி இராதீர்கள். அப்பொழுதே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.