பேசும் மின்மானி

அயல் மாநிலத்தில் குடியேறிய நம்மவர் பலருக்கு மின்கட்டணச் சீட்டு இன்றும் ஒரு புதிரே. திருவனந்தபுரத்துக் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் தமிழர் இல்லங்களுக்கு, இரு திங்களுக்கொரு முறை மின்வாரிய ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்துச் சீட்டைத் தந்து செல்வது நெடுநாள் வழக்கம். சொந்த ஊருக்குச் சென்றிருக்கும் வேளையில் அவர் வந்து போனாலோ, பூட்டிய வீட்டுக்கும் முந்தைய சராசரியைக் கொண்டு கணக்கு எழுதப்படும். இத்தொல்லையை நீக்கவல்ல மீட்டர் இப்பொழுது வரத் தொடங்கியுள்ளது. தன் கணக்கைத் தானே அனுப்பும் அது, எங்ஙனம் அனுப்புகின்றது என்பதை அறிந்துகொள்வது நம் பணப்பைக்கு நல்லது.

2015-இல் வகுக்கப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் 16444 இத்தகைய மீட்டருக்கு இலக்கணம் கூறுகிறது. மின்சாரத்தை அளக்கும் பகுதி, தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் சேர்க்கவும் உதவும் விசை, செய்தி அனுப்பும் பகுதி ஆகியவை ஒரே பெட்டிக்குள் அமைந்தவை. 15 அல்லது 30 நிமிடத்திற்கொரு முறை செலவைக் குறித்துக்கொண்டு, அக்குறிப்புகளை அது மைய நிலையத்துக்கு அனுப்புகிறது.

அனுப்பும் வழிகள் இரண்டு. ஒன்று, கைப்பேசியைப் போலவே சிம் அட்டை கொண்டு, கைப்பேசிக் கோபுரத்தின் வாயிலாகப் பேசுவது. மற்றொன்று, அண்டை வீட்டு மீட்டர் வழியே பேசுவது. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, உரிமம் வேண்டாத வானலையில் ஒரு மீட்டர் மற்றொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும். இறுதியில் அது தெருவிலுள்ள சேகரிப்புக் கருவியை அடையும். ஒரு மீட்டர் பழுதானால் செய்தி தானாகவே வேறு வழி தேடிக்கொள்ளும். சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீடுகளுக்கு இம்முறை பொருந்தும். மேடும் பள்ளமுமான நிலத்தில், தென்னைகளுக்கிடையே தனித்தனியே நிற்கும் வீடுகளுக்கு முந்தியதே ஏற்றது என்று நாம் கருதுகிறோம்.

மின்சாரம் அற்றுப்போனால் மீட்டர் ஊமையாகிவிடாதோ என்று ஐயுறலாம். உள்ளிருக்கும் சிறு மின்தேக்கியின் வலிமையால், அணையுமுன் ‘இங்கு மின்சாரம் இல்லை’ என்று ஒரு சொல் சொல்லிவிடும். மழையில் தென்னோலை கம்பிமேல் விழும் ஊரில் இது சிறு உதவியன்று.

கேரளம் இவ்விஷயத்தில் தனி வழி சென்றது. தனியார் நிறுவனம் முதலிட்டு மீட்டருக்கு மாதந்தோறும் கட்டணம் பெறும் திட்டத்தை 2021-இல் மத்திய அரசு முன்வைத்தது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. 2023-இல் மாநில அரசும் அதனின்று விலகி, வாரியமே முதலிட்டு, முதற்கட்டமாக ஏறத்தாழ மூன்று லட்சம் மீட்டர் மட்டும் பொருத்துவதென முடிவு செய்தது. எனவே இல்லந்தோறும் இது வரக் காலம் பிடிக்கும்.

செய்திகள் மறைகுறியாக்கி அனுப்பப்படுகின்றன; வழியில் ஒற்றுக்கேட்பது எளிதன்று. ஆயினும் அரைமணிக் கணக்கைக் காண்பவர், வீடு எப்பொழுது பூட்டிக் கிடக்கிறது என்பதையும் அறியக்கூடும். ஆதலின் அக்கணக்கை எவர் பார்க்கலாம் என்று கேட்கும் உரிமையை நாம் கைவிடலாகாது.

பிழை பெரும்பாலும் வானலையில் நேர்வதன்று. பொருத்தும் நாளில் நேர்வது. மீட்டரின் எண்ணும் நுகர்வோர் எண்ணும் மாறிப் பதிவானால், அண்டை வீட்டான் செலவு நம் சீட்டில் ஏறும். எனவே பழைய மீட்டரின் கடைசி அளவு, புதியதன் எண், அதன் தொடக்க அளவு ஆகிய மூன்றையும் அன்றே குறித்து வையுங்கள். பொருத்துவதற்கு முந்திய காலத்துக்கு, கூடுதல் மின்பளு கண்டதாகக் கூறி அபராதம் விதிக்கலாகாது என்கிறது 2023-ஆம் ஆண்டின் விதித் திருத்தம். மீட்டர் காட்டும் அளவு நம் செலவோடு பொருந்தவில்லை என முறையிட்டால், ஐந்து நாட்களுக்குள் பக்கத்தில் மற்றொரு மீட்டர் வைத்து மூன்று மாதமேனும் ஒப்பிட வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டின் திருத்தம். முறையீட்டை எழுத்தில் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.