விசுவாசத்துக்கு என்ன விலை?

மின்னணுப் பொருள்கள் நாள்பட நாள்பட மலிவாகும் என்பது நுகர்வோர் அனைவரும் அறிந்தது. வீடியோ கேம் கன்சோல்களும் நெடுங்காலம் இந்த வழக்கத்துக்கு உட்பட்டே இருந்தன. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 299 டாலருக்கு அறிமுகமான சோனியின் பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்குக் கிடைத்தது. இப்போது நிலைமை தலைகீழ். 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் 549 டாலரானது. அதே 499 டாலருக்கு அறிமுகமான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025-இல் மட்டும் இருமுறை விலை கூட்டப்பட்டு 649 டாலரை எட்டியது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, அடுத்த ஆண்டே 54,990 ரூபாயாக உயர்ந்தது.

பணவீக்கம், நாணய மாற்று விகிதம், அமெரிக்காவின் இறக்குமதி வரி ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை பொய்யல்ல. சில்லுகளின் உற்பத்திச் செலவும் முன்போல் விரைந்து சரிவதில்லை. ஆனால், செலவு கூடியது என்பதாலேயே எந்த வணிகரும் விலையைக் கூட்டிவிட முடியாது. வாங்குபவர் எதிர்க்கடைக்குப் போய்விட மாட்டார் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளரின் விசுவாசத்திலிருந்து என்பது சந்தையியல் துறையினர் வழக்கமாகத் தரும் விடை. கன்சோல் சந்தையின் வரலாறு அந்த விடைக்கு அவ்வளவாகச் சான்று தரவில்லை.

முதலில் இந்த வணிகத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கன்சோல் பெரும்பாலும் அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்கப்படுகிறது. லாபம் விளையாட்டுகளில் இருக்கிறது. நிறுவனத்தின் இணையக் கடையில் விற்கும் விளையாட்டின் விலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு கன்சோல் நிறுவனத்தைச் சேரும். 2021-இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் சாட்சியம் அளித்த மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், எக்ஸ்பாக்ஸ் கருவி விற்பனையில் தம் நிறுவனம் ஒருபோதும் லாபம் ஈட்டியதில்லை என்றார். பிரெஞ்சுப் பொருளியலாளர்களான ழான்-ஷார்ல் ரோஷேயும் ழான் திரோலும் இத்தகைய இருதரப்புச் சந்தைகளுக்கு இலக்கணம் வகுத்தார்கள். விளையாடுபவர் திரண்டால்தான் விளையாட்டைத் தயாரிப்பவர் வருவார். ஆகவே, ஒரு தரப்புக்குச் சலுகை கொடுத்து மறுதரப்பிடம் வசூலிப்பது இங்கே இயல்பு. திரோலுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி விசுவாசத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 2 தன் வாழ்நாளில் ஏறத்தாழ 16 கோடி விற்றது. அந்த வெற்றியின் உச்சத்தில், 2006 நவம்பரில், சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ 499, 599 டாலர் என இரு விலைகளில் கொண்டுவந்தது. 599 டாலர் கருவியின் உதிரிபாகங்களுக்கும் இணைப்புக்கும் மட்டுமே 840 டாலர் ஆவதாக ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. நட்டத்துக்கு விற்றும்கூட வாங்குபவர் கண்ணுக்கு அது விலை கூடிய பொருளே. எக்ஸ்பாக்ஸ் 360 ஓராண்டு முன்னதாகவே 299, 399 டாலர் விலைகளில் வந்துவிட்டது. நிண்டெண்டோவின் வீ 249 டாலர்தான். முடிவில் வீ 10 கோடியைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடியில் நின்றது. உலகின் மிக விசுவாசமான வாடிக்கையாளர்கள் எனக் கருதப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் நூறு, இருநூறு டாலர் வேறுபாட்டைப் பார்த்ததும் இடம் மாறிவிட்டார்கள்.

ஏழாண்டுகள் கழித்து அதே பிழையை எதிரணி செய்தது. 2013-இல் கினெக்ட் என்ற கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை 499 டாலருக்கு விற்றது மைக்ரோசாஃப்ட். பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399 டாலர். ஓராண்டுக்குள் கேமராவை நீக்கி விலையைச் சமப்படுத்தியும் பயனில்லை. பிளேஸ்டேஷன் 4 விற்பனை 11.7 கோடியை எட்டியது. மைக்ரோசாஃப்ட் 2015-க்குப் பிறகு தன் கருவிகளின் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

விசுவாசத்துக்கு ஒரு நிறுவனம் உண்மையிலேயே விலை கொடுத்த நிகழ்வும் உண்டு. 2011 மார்ச்சில் 249.99 டாலருக்கு வந்த நிண்டெண்டோ 3டிஎஸ் சரியாக விற்கவில்லை. ஆகஸ்டில் அதன் விலை 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்களின் கோபத்தைத் தணிக்க அவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. தலைவர் சதோரு இவாதா தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலை விரைவில் இறங்கும் என்று மக்கள் நம்பத் தொடங்கினால் அடுத்த முறை எவரும் முதல் நாளில் வாங்கமாட்டார்கள். நீடித்து உழைக்கும் பொருள்களை விற்பவருக்கு உள்ள இந்தச் சிக்கலை ரொனால்ட் கோஸ் 1972-லேயே எழுதியிருக்கிறார். பழைய விளையாட்டின் மேலும் ஒரு பிரதியைத் தருவதற்கு நிறுவனத்துக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மலிவான பரிகாரம்தான், இருந்தாலும் நல்ல பரிகாரம்.

அப்படியானால் 2006-இல் வெளியேறிய வாடிக்கையாளர் இன்று ஏன் விலையேற்றத்தைச் சகித்துக்கொண்டு இருக்கிறார்? அன்று அவர் கையில் இருந்தவை வட்டுகள். வேண்டாதவற்றைப் பழைய பொருள் கடையில் விற்று, அந்தப் பணத்தோடு எதிரணிக்குப் போகலாம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விளையாட்டுகள் பதிவிறக்கமாக மாறிவிட்டன. அவை வாங்கியவரின் கணக்கோடு பிணைந்தவை. விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது, வேறு நிறுவனத்தின் கருவிக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. இணையத்தில் சேர்ந்து விளையாடும் நண்பர் வட்டமும், ஆண்டுச் சந்தாவும் அங்கேயே இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-இன் விளையாட்டுகள் ஏறக்குறைய அனைத்தும் பிளேஸ்டேஷன் 5-இல் இயங்கும் என்பது வாங்குபவருக்கு நன்மை. அதுவே அவரை அங்கே கட்டிப்போடவும் செய்கிறது.

மாறுவதற்கு ஆகும் இந்தச் செலவைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டின் பால் கிளெம்பரர் 1987-இல் எழுதினார். இத்தகைய சந்தையில் நிறுவனங்கள் தொடக்கத்தில் கடுமையாகப் போட்டியிட்டு மலிவாக விற்று வாடிக்கையாளரைப் பிடிக்கும். பிடித்தபின் விலையைக் கூட்டும். எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் 2023-இல் ஒரு பேட்டியில் இதையே வேறு விதமாக ஒப்புக்கொண்டார். மக்கள் தங்கள் டிஜிட்டல் நூலகத்தைச் சேர்க்கத் தொடங்கிய தலைமுறையில்தான் நாங்கள் தோற்றோம். தோற்பதற்கு அதைவிட மோசமான காலம் இல்லை என்பது அவர் கூறியதன் சாரம்.

நம் நாட்டில் 2011 ஜனவரிக்கு முன் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்ற இயலாது. சேவை பிடிக்காமலும் பலர் அதே நிறுவனத்தில் நீடித்தார்கள். அதை விசுவாசம் என்று எவரும் சொல்லவில்லை. எண் பெயர்வு வசதி வந்தபின் வாடிக்கையாளர் எண்ணோடு வெளியேற முடிந்தது. கன்சோல் சந்தையில் அப்படியொரு வசதி இல்லை.

உண்மையான பற்றே இல்லை என்று நான் வாதிடவில்லை. மரியோவுக்காகவும் செல்டாவுக்காகவும் நிண்டெண்டோ வாங்குவோர் இருக்கிறார்கள். ஆனால், அது விளையாட்டின்மீது உள்ள பற்று, பெட்டியின்மீது அல்ல. வீ கருவியை வாங்கிய 10 கோடிப் பேர் இருந்தும் அடுத்து வந்த வீ யூ 1.4 கோடியைக்கூட எட்டவில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. டிஜிட்டல் விளையாட்டை 'வாங்குங்கள்' என்று விளம்பரப்படுத்தும் கடை, தருவது உரிமையல்ல, உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் போதும், மாற்றித்தர வேண்டிய கடமை ஏதும் அதில் இல்லை. இதற்கிடையே 2024 நவம்பரில் 699 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ கருவியில் வட்டு இயக்கியே கிடையாது. மறுவிற்பனை செய்யக்கூடிய வட்டுகளை வாங்க விரும்புகிறவர் அந்த இயக்கிக்குத் தனியாக 80 டாலர் கொடுக்க வேண்டும்.