காற்றைச் சொறியும் நாய்

கிளிநொச்சியில் ஒஸ்லோ என்றால் கொஞ்சம் வயதானவர்களுக்கு 2002 டிசம்பரில் அரசும் புலிகளும் அங்கே நடத்திய பேச்சுவார்த்தைதான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது ஒரு நாயும் சேர்ந்து ஞாபகம் வருகிறது.

ஒஸ்லோவில் இருக்கும் பெறாமகள் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தாள். தொங்கு காதும் உருண்டைக் கண்ணுமாக ஒரு கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல். நடந்துகொண்டே பின்னங்காலைத் தூக்கித் தோளுக்குப் பக்கத்தில் சொறிகிறது. கால் உடம்பில் படவேயில்லை. "சித்தப்பா, உண்ணி ஒண்டுமில்லை, பிறகேன் இப்பிடிச் சொறியிறான்?"

இந்த இனத்தில் மண்டையோட்டின் பின்பகுதி மூளைக்குப் போதாமல் சிறுத்துவிட்டது. இடமில்லாத சிறுமூளை, முள்ளந்தண்டு வடம் இறங்கும் துவாரத்துக்குள் பிதுங்குகிறது. மூளையையும் வடத்தையும் சுற்றி ஓடவேண்டிய நீர் அங்கே தடைப்பட, வடத்துக்குள்ளேயே நீர்க்குழிகள் உண்டாகின்றன. நரம்புகள் கெட்டு, தோலில் இல்லாத தினவை மூளைக்குச் சொல்கின்றன. நோவும் உண்டு, நாய் அதை எப்படிச் சொல்லும்? நோய்க்குறி தெரியாத 555 கவலியர்களை எம்ஆர்ஐயில் பார்த்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. ஒரு வயது நாய்களில் 25 வீதத்துக்கும், ஆறு வயதைக் கடந்தவற்றில் 70 வீதத்துக்கும் அந்தக் குழிகள் இருந்தன.

இதயம் இன்னொரு கதை. இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகும். பத்து வயதைத் தொட்ட கவலியர்களில் பெரும்பாலானவற்றுக்கு இது வந்துவிடுகிறது. பிமோபென்டான் என்ற மருந்து, இதயம் வீங்கிய நாய்களில் இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போடுவதாக 2016இல் காட்டினார்கள். தள்ளிப்போடத்தான் முடியும்.

எல்லாம் ஒரு பரிசில் தொடங்கியது. பழைய ஓவியங்களில் இருந்த நீள்மூக்கு ஸ்பானியல் வேண்டுமென்று 1926இல் ரொஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் நாய்க் கண்காட்சியில் 25 பவுண் பரிசு அறிவித்தார். அந்தச் சாயலில் கிடைத்த சில நாய்களைத் திரும்பத் திரும்பத் தமக்குள்ளேயே சேர்த்து இனத்தைப் பெருக்கினார்கள். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கலியாணம் செய்தால் என்னவாகும் என்பது நமக்குப் புதிதல்ல. ஒரே குறையை மறைவாகச் சுமக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வர வாய்ப்புண்டு. கவலியரின் சுருள்மயிர் உலர்கண் நோய் அப்படி ஒற்றை மரபணுவால் வருவது. மரபணுச் சோதனையில் பிடித்துவிடலாம். மண்டையும் இதயமும் அப்படியல்ல. பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை அது. தாய் தகப்பன் இரண்டுக்கும் எம்ஆர்ஐ, இதய ஸ்கான் எடுத்துத்தான் ஓரளவுக்குச் சொல்லலாம்.

2022 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் கவலியரை இனவிருத்தி செய்வது மிருகநலச் சட்டத்துக்கு மாறானது என்றது. 2023இல் நோர்வேயின் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வைத்திருக்கத் தடையில்லை, வேறு இனத்தோடு முறையாகக் கலப்பதற்கும் தடையில்லை.

ஊர்நாய்க்கு நோயில்லை என்று சொல்ல வரவில்லை. விசர், உண்ணிக் காய்ச்சல், ஏ9 வீதி என்று அது சாக எத்தனையோ வழி. ஆனால் அதன் முகத்தை அளவெடுத்து யாரும் பெருக்கவில்லை. இப்போது இங்கேயும் வெளிநாட்டுக் காசில் சாதிக்குட்டிகள் வருகின்றன. வாங்குகிறவர்கள் நிறத்தையும் விலையையும் கேட்கிறார்கள்; தாய் தகப்பனின் சோதனைத்தாளைக் கேட்பவர்கள் குறைவு.

பெறாமகளின் நாய் இப்போது நரம்பு நோவுக்கு மருந்து குடிக்கிறது. கழுத்துப்பட்டி உரசினால் சொறிவு கூடுமென்று மிருக வைத்தியர் சொல்ல, அதைக் கழற்றி நெஞ்சுப்பட்டி போட்டிருக்கிறாள்.