வேலையை விட்டால் போனில் உள்ள படங்களும் போய்விடுமா?

நசரத்பேட்டையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற பலருக்கு அலுவலக மெயிலும் சொந்த போனில்தான் வருகிறது. குழந்தையின் படமும் கம்பெனியின் கணக்கும் ஒரே கருவியில். வேலையை விட்டதும் கம்பெனி தன் தகவலை அழித்தால் என்ன ஆகும்?

முன்பு அந்தப் பயம் நியாயமானது. கம்பெனிச் செயலிக்கு ‘நிர்வாகி’ அனுமதி கொடுத்துவிட்டால், எங்கிருந்தோ முழு போனையும் துடைத்துவிடலாம்.

2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 இதற்கு வழி கண்டது. அதன் ‘ஒர்க் ப்ரொஃபைல்’, போனுக்குள்ளேயே இரண்டாவது பயனரை உருவாக்குகிறது. எப்படி? ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் உண்டு. ஓர் எண்ணுக்குரிய தனிக் கோப்பை மற்றோர் எண் திறக்க முடியாது. சொந்தப் பக்கத்தில் ஒரு செயலியின் எண் 10123 என்றால், அலுவலகப் பக்கத்தில் அதே செயலி 1010123 என்று ஓடும். இயங்குதளத்துக்கு இவை இரண்டும் வேறு வேறு ஆட்கள். இன்றைய போன்களில் மறையாக்கச் சாவிகளும் தனித்தனி. ஆகவே கம்பெனி அழிக்க முடிவது தன் பகுதியை மட்டுமே. பாராட்டத்தக்க பொறியியல் இது.

அலுவலகச் செயலிகளின் மேல் சிறு கைப்பெட்டி அடையாளம் தெரியும். இந்தத் தனிப் பகுதிக்குப் பதிலாகக் கம்பெனி முழு போனுக்கும் நிர்வாகி அனுமதி கேட்டால், சம்மதிக்கும் முன் ஒர்க் ப்ரொஃபைல் தரச் சொல்லிக் கேளுங்கள்.